கேட்டுக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள், வரவில்லை. வாங்க வேண்டியது: வெள்ளை லைனிங் துணி, ஊக்கு ஒரு டப்பா, மெஷின் எண்ணெய், பால். ஆவணிக் கல்யாண ஜாக்கெட்டுகள் பாதி அப்படியே கிடக்கின்றன.

இந்த டைரி லாரி புக்கிங் ஆபீசில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் வைத்திருந்தார். வீணாகப் போகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் பேசப் பிடிக்காத நேரத்தில் இதில் பேசலாம்.

அவர் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. கேட்டை மூடி அதைவிடக் கொஞ்சம் அதிகம். எங்கள் தெரு நேராகப் போய் ரயில்வே கேட்டில் முட்டும். தண்டவாளத்தைத் தாண்டினால் ஆற்றின் மேல் பழைய கல்பாலம், பாலம் தாண்டினால் சுடுகாடு. இப்போது கேட்டையும் எடுத்துவிட்டு, கல்பாலத்தையும் உடைத்துவிட்டு, இரண்டுக்கும் மேலே ஒரே பெரிய பாலமாகக் கட்டுகிறார்கள். தெரு முனையில் ஆள் உயரத்துக்கு மேல் தகர அடைப்பு. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பைபாஸ் சுற்ற வேண்டும்.

அவரையும் பைபாஸ் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். வேனில். கொழுந்தன் தங்கவேல் ஏற்பாடு. எதிலும் அவசரம் அவனுக்கு.

இன்று காலை மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். கால் கழுவுகிற மாதிரி, விட்டு விட்டு. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. குழாய் இறுக்கி மூடியிருந்தது. படி மட்டும் ஈரம்.

பூனை என்று எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. ரேவதி டீச்சர் ஜாக்கெட்டுக்குக் கைத்தையல் மட்டும் முடித்தேன். டீச்சர் இளைத்துவிட்டார், அளவு ஜாக்கெட் பழசு. கேட்டால் கோபித்துக்கொள்வார்.

எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா வந்தார். பஞ்சு மெத்தைக் கடை பாயின் வீட்டம்மா. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. எப்போதும் வந்ததும் முறுக்கு டப்பாவைத் தேடுகிறவர், இன்று உட்காராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"மதி, ஒன்னு சொல்றேன். பயந்துக்காத."

"சொல்லுங்கக்கா."

"டீக்கடை சீனி இருக்கானில்ல, நேத்து வெடியால கடை தெறக்கறப்ப அடைப்புக்கிட்ட உங்கூட்டுக்காரரப் பார்த்தானாம். கேட்டு போட்டிருந்தா நிப்போமே, அந்த மாதிரி நின்னுட்டு இருந்தாராம்."

சீனிக்குக் கண்ணும் சரியில்லை, டீயும் சரியில்லை என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"சட்டையில ஒரு கைதான் மாட்டியிருந்தாராம். இன்னொரு கை தொங்கிட்டு இருந்துச்சாம்."

அதற்குப் பிறகு அக்கா என்ன பேசினார் என்று நினைவில்லை.

அன்று ஆபீசுக்குக் கிளம்பியவர், குழாயில் கால் கழுவிவிட்டு வந்து, சட்டையில் ஒரு கையை நுழைத்தவர், அப்படியே விழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கிய போதே மூச்சு இல்லை. மனசு கேட்காமல் அந்தச் சட்டையைக் கழற்றி மெஷின் டிராயரில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள். ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது வேறு யாருக்கும் தெரியாது. சீனிக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 11, புதன்

பாலத்து வேலை நின்றுவிட்டது. கேட் இருந்த இடத்தில் தூணுக்குத் துளை போடும் மெஷின் இறங்க மாட்டேன் என்கிறதாம். பாறை என்கிறார் என்ஜினியர். போர்வெல் ரிக் வண்டி எடுத்துக்கொண்டு நாடு முழுக்கத் துளை போடப் போகிற சனம் இருக்கிற பக்கம் இது. பாறையைப் பார்த்தா மெஷின் பயப்படும்?

தெருவில் வேறு காரணம் பேசுகிறார்கள். பால் வாங்கப் போன இடத்தில் என் காதுபடவே.

"வேன்ல போன வழியாத்தானே திரும்பி வருவாரு?"

"பைபாஸ்ல அவரு என்னைக்குப் போனாரு? அவருக்குத் தெரிஞ்சது கேட்டு வழிதான்."

என் புருஷன் எந்த ரூட்டில் வருவார் என்று பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். நான் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். குப்பண்ணன் மட்டும் மூடவில்லை. தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் நிற்கிற மனிதர்.

"ஏனம்மணி, நம்ம தெருவுல எந்தப் பொணமாச்சும் கேட்டுல எறக்கி வெக்காம போயிருக்குதா? எறக்கி, தலமாடு கால்மாட்ட மாத்தித் திருப்பித் தூக்கோணும். அதுவரைக்கும் மொகம் ஊட்டப் பார்த்திருக்கும். திருப்புனாத்தான் ஊடு மறக்கும். உங்க கொழுந்தனாரு வேன்ல போட்டு ஒரே அழுத்தா அழுத்தீட்டாரு."

உண்மைதான். இந்தத் தெருவில் அதுதான் வழக்கம். பெண்கள் அழுதுகொண்டே கேட்வரை போவோம். அங்கே இறக்கித் திருப்புவார்கள். நாங்கள் திரும்பிவிடுவோம், ஆண்கள் தண்டவாளம் தாண்டிப் போவார்கள். மாமனாருக்கு, மாமியாருக்கு, ரஹ்மத் அக்கா வீட்டுக்குப் பக்கத்துச் செட்டியாருக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது. அவருக்கு மட்டும் இல்லை. கேட் அடைத்திருந்தது, வேன்காரன் அவசரப்பட்டான், தங்கவேல் அவனைவிட அவசரப்பட்டான். யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயமாக இருக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வழி தெரிகிறதா, அப்படியானால் வருவாரா என்று யோசித்தேன். பால் பொங்கி வழிந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மேகம். லேசாகக் காற்று.

காலையில் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்து காத்திருந்தேன். அதே நேரம். குழாய். பிறகு படியில் செருப்பு தேய்கிற சத்தம், இடது செருப்பு கொஞ்சம் அதிகமாகத் தேயும், அது அவருடையதுதான். இருபத்தாறு வருஷமாகக் கேட்டது, எனக்குத் தெரியாதா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் சிரிப்பது யாருக்காவது கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

சாயங்காலமும் வந்தார். சத்தம் மட்டும்தான். முன்னறையில் அவருடைய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. ஆபீஸ் விட்டு வந்தால் அதை என் மெஷின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, டிரைவர்கள் பேசியதை எல்லாம் சொல்வார். நான் பாதிதான் கேட்பேன். இன்று நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டேன். டீ போட்டு ஒரு டம்ளர் கீழே வைத்தேன். தைத்துக்கொண்டே பேசினேன். கறிவேப்பிலை விலை, ரேவதி டீச்சர் இளைத்தது, தங்கவேல் மகளுக்குக் காலேஜ் கிடைத்தது, எல்லாம். அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு பேசியதே இல்லை. அப்போது அவர் எங்கே பேச விட்டார்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பரவாயில்லை.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் போனதும் சுவரெல்லாம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. இன்று வீடு சின்னதாக, சரியான அளவில் இருந்தது. என் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வருகிறார். இதில் ஊருக்கு என்ன வந்தது?

செப்டம்பர் 13, வெள்ளி

தலை குளித்தேன். முடி கொட்டுகிறது.

தங்கவேலும் குப்பண்ணனும் வந்தார்கள். தங்கவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் அவர் போட்டோவையும் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணி, தப்பு நடந்து போச்சுங்க. கேட்டு அடச்சுக் கெடந்துச்சு, வேன்காரன் பறந்தான், எனக்கு ஒன்னும் ஓடலீங்க."

"உனக்கு எப்ப என்ன ஓடுச்சு?"

பாவம், தலையைக் குனிந்துகொண்டான். குப்பண்ணன் விஷயத்துக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை கல்பாலத்தை உடைக்கிறார்கள். அதற்குள் அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஞாயிறு காலை அடைப்பில் இரண்டு தகரத்தைக் கழற்றி வழி விட என்ஜினியர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கும் மெஷின் இறங்கினால் போதும்.

"ஒரு கூடையில அவரு ஒடம்புல கடைசியா இருந்த துணி வேணும். தண்ணி படாததா இருக்கோணும், அது முக்கியம். கேட்டு எடத்துல எறக்கி, நீங்களே கைப்படத் திருப்பி வெச்சுட்டு, பின்னால பாக்காம ஊட்டுக்கு வந்தரோணும். நாங்க அதைத் தூக்கிட்டுப் பாலத்தத் தாண்டிக் கொண்டுபோய் எரிச்சுப்போட்டு வந்தர்றோம்."

"செய்யலைன்னா?"

"பாலம் ஒடஞ்சுதுன்னா அப்பறம் அனுப்ப வழியே இல்லீங்க அம்மணி. புதுப் பாலம் அவருக்குத் தெரியாத வழி. இங்கயே கெடந்து சுத்தோணும், காலத்துக்கும்."

அவர் பயமுறுத்துவதற்காகச் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. காலத்துக்கும் என்ற வார்த்தை மட்டும் நின்றது. சரிங்க, சட்டை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் போனபின் டிராயரைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்தேன். நீலச் சட்டை. ஒரு கை உள்பக்கமாகவே கிடந்தது, நான் கழற்றிய மாதிரியே. அவர் வாசனை இன்னும் இருக்கிறது. மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 14, சனி

இன்றைய நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதாவிட்டால் மட்டும் மறந்துவிடுமா?

காலையில் குழாய்ச் சத்தம் கேட்டதும் ஓடினேன். படியில் ஈரத் தடம் இரண்டு. முந்தைய நாட்களிலும் இருந்திருக்கும், சந்தோஷத்தில் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இன்று குனிந்து பார்த்தேன். விரல்கள் தெருவைப் பார்த்து இருந்தன. குதிகால் வீட்டைப் பார்த்து. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

முன்னறைக்கு வந்தேன். ராத்திரி நாற்காலியை மெஷினைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். இப்போது அது வாசலைப் பார்த்து இருந்தது. திறந்த கதவு வழியாக நேராகத் தெரு முனை, தகர அடைப்பு தெரிகிற மாதிரி.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீனி கடைக்குப் போனேன். அவர் போன பிறகு நான் தெரு முனைக்குப் போவது இதுதான் முதல் தடவை. சீனி என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சீனி, அவர் எந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்கிறார்?"

"எதுக்குங்கக்கா இப்ப..."

"சொல்லு."

"அந்தப் பக்கம்ங்க. ஆத்துப் பக்கம். நான் மொகத்தப் பாக்கவே இல்லீங்க, முதுகுதான். தகரத்துல நெத்திய முட்டற மாதிரி நிப்பாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஊட்டுப் பக்கம் திரும்பி நடப்பாரு. அப்ப நான் குனிஞ்சுக்குவேன். அடுத்த நாள் மறுக்காவும் வந்து நிப்பாரு."

அடைப்பின் பக்கம் போனேன். கேட்டும் இல்லை, மணியும் இல்லை, ஆனால் தெருநாய்கள் இரண்டு கேட் போட்டால் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. தகரத்தில் என் தலைக்கு ஒரு சாண் மேலே ஈரம். வட்டமாக, ஒரு நெற்றி அளவுக்கு. மழை எங்கேயும் பெய்யவில்லை. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அவர் வீட்டுக்கு வரவில்லை. வீட்டைவிட்டுப் போகவே இல்லை. தினமும் காலையில் கிளம்புகிறார், தனக்குத் தெரிந்த வழியில் போகிறார், கேட்டில் அடைப்பு, நிற்கிறார், வேறு வழியில்லாமல் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் டீ வைத்துக் கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அந்தப் பக்கம் அப்படி என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்? இங்கே நான் இருக்கிறேனே.

மத்தியானம் ரஹ்மத் அக்கா வந்தார். எல்லாம் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டார்.

"எங்கள்ல இந்தக் கூடை, திருப்பறது எல்லாம் கெடையாது மதி. ஆனா மௌத்தா போனவங்க கெளம்பிட்டா நாம பிடிச்சு வெக்கக் கூடாது. நாளைக்கு நல்லபடியா அனுப்பிச்சு விடு. பாவம் அவரு, நின்னு நின்னு கால் வலிக்குமில்ல."

நல்ல மனுஷி. அவருக்குப் பாய் இருக்கிறார். மூன்று மகன்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் வீட்டில் நிற்க இடம் இருக்காது. அவரால் சுலபமாகச் சொல்ல முடிகிறது.

அக்கா போனதும் பீரோவைத் திறந்தேன். ஒரே துணியில் இரண்டு சட்டை எடுப்பது அவர் வழக்கம். அந்த நீலத்தில் இன்னொன்று துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தது. பிரித்துக் கசக்கினேன். கழுத்துப் பட்டையில் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் தரையில் தேய்த்தேன். அக்குள் பக்கம் உப்புத் தண்ணீர் தெளித்து நிழலில் காயவைத்தேன். ஒரு கையை உள்பக்கமாக மடித்துவிட்டேன். துணியோடு இத்தனை வருஷம் பழகிய கை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை யாரும் படிக்கக் கூடாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கொஞ்சம் வெயில். ஊரே வந்திருந்தது. வாடகை சாமியானா ஒன்றுதான் பாக்கி.

மூங்கில் கூடையில் வாழை இலை, அதன்மேல் சட்டை, ஒரு பிடி அரிசி. நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெரு முழுக்க இரண்டு பக்கமும் ஆட்கள், சத்தமே இல்லை. ரஹ்மத் அக்கா தன் வாசலில் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூடையில் இருந்த சட்டையின் பைக்கு நீலப் பொத்தான் கிடைக்காமல் நான் ஒரு வெள்ளைப் பொத்தான் தைத்திருந்தேன். டெய்லர் ஊட்டுக்காரருக்கே இந்தக் கதியா என்று சிரித்தவர் அவர்தான். அந்தச் சட்டையை அக்கா போன வாரம் என் பீரோவில் மடித்த துணிகளோடு பார்த்திருக்கிறார். உள்ளே போய்விட்டார்.

இரண்டு தகரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். இடைவெளி வழியாகத் தண்டவாளம், அதற்கப்பால் கல்பாலம், அந்தக் கரைப் புளியமரங்கள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழி திறந்திருக்கிறது. கூடையில் இருப்பது பொய்ச் சட்டையாகவே இருக்கட்டும், அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டால்?

அந்த நேரம் முழுக்க என் உயிர் என்னிடம் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நெருங்கி, வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவர் அவசரப்படுவாரே, அந்த மாதிரி. கழுத்தில் குளிர் பட்டது. என் முந்தானை காற்றே இல்லாமல் இடைவெளியின் பக்கம் ஆடியது. போகாதீங்க, போகாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எறக்குங்க அம்மணி," என்றார் குப்பண்ணன்.

இறக்கினேன்.

"திருப்புங்க."

திருப்பினேன். அரிசி கொஞ்சம் சிந்தியது. எல்லாரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தங்கவேல் கூடைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, என்னைய மன்னிச்சுருண்ணா. அவசரப்பட்டு உன்னைய அப்படியே கொண்டுட்டுப் போயிட்டேன். இப்ப நிம்மதியாப் போண்ணா."

சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, வீட்டுக்கு ஓடிப்போய் டிராயரைத் திறந்து உண்மைச் சட்டையைக் கொண்டுவந்து தந்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். அவன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஆண்கள் எல்லாரும் தண்டவாளத்தைத் தாண்டினார்கள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருந்தார்கள். பார்த்தேன். புழுதியில் அவர்கள் செருப்புத் தடங்களுக்கு நடுவில் இரண்டு ஈரத் தடம், முதல் தண்டவாளம்வரை போய் நின்றிருந்தது. அதற்கு மேல் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

நல்ல மழை. கடைசியில் வந்தேவிட்டது. மாவு புளித்துவிட்டது. மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது.

பாறை விட்டுவிட்டதாம், மெஷின் இறங்குகிறதாம். குப்பண்ணன் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறார். சீனி இன்று யாரையும் பார்க்கவில்லையாம். மழையில் எவன் அடைப்புப் பக்கம் பார்த்தான்?

குழாய்ச் சத்தமும் இல்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையா, இல்லவே இல்லையா தெரியவில்லை. நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையல் இரண்டு இடத்தில் கோணிவிட்டது, பிரிக்க வேண்டும்.

ரஹ்மத் அக்கா வரவில்லை. நான் வாசலில் நின்றபோது அவர் ஜன்னலைச் சாத்தினார். மழைக்காக இருக்கலாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தாயிற்று. கறிக்கடை காலி.

கல்பாலத்தை உடைத்தார்கள். காலையில் ஆரம்பித்தது. வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதிர்ந்தது, மெஷின்மேல் வைத்த கத்திரிக்கோல் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. தெருவில் எல்லாரும் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார்கள். நானும் ஏறினேன். பாலத்தின் நடு வளைவு விழுந்தபோது ஊரே ஓவென்று கத்தியது. ஆற்றுத் தண்ணீர் எழும்பி, கறுப்பாக, மறுபடி அடங்கியது. இரண்டு பக்கமும் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஒன்றுமில்லை.

நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன். தொண்டை இன்னும் கரகரக்கிறது.

தங்கவேல் போன் செய்தான். "அண்ணி, மனசு லேசா இருக்குதுங்க. நேத்து கனவுல அண்ணன் சிரிச்சாரு." நல்லது தங்கவேலு என்றேன். நல்லா சாப்பிடு என்றேன். அவனிடம் இவ்வளவு பிரியமாக நான் பேசியதே கிடையாது. அவனுக்கே ஆச்சரியம்.

பொழுது சாயும் நேரம், குழாய்.

அடுப்பங்கரையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டேன். செருப்பு படியில் தேய்ந்தது, மெதுவாக, ரொம்ப மெதுவாக, நெடுந்தூரம் நடந்து வந்தவர் மாதிரி. நாற்காலி கிறீச்சிட்டது. இனி எங்கேயும் போக முடியாது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. பால் காய்ச்சி, சர்க்கரை அதிகமாகப் போட்டு, டீ எடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

வெயில். துணி காயப்போட்டேன். ரேவதி டீச்சர் ஜாக்கெட் சரியாக இருக்கிறது, நன்றி என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

ரஹ்மத் அக்காவை மெத்தைக் கடையில் பார்த்தேன். "அக்கா" என்றேன். பாயிடம் ஏதோ கேட்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, நான் படியிறங்கிய பின், மெதுவாகச் சொன்னார்: "பாவம் மதி அவரு." என்னைப் பாவம் என்று சொல்லவில்லை.

இன்று வேலை ஓடவில்லை. காலையில் கால் கழுவினார், போனார், தகரத்தில் நின்றார், வந்தார். மத்தியானம் மறுபடி. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டேன். ஊசியில் நூல் கோர்க்கக் குனிந்தேன். தரையில் நாற்காலிக் கால் இழுபடும் சத்தம். நிமிர்ந்தால் அது வாசலைப் பார்த்து இருந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி அதே சத்தம். ஒருமுறை நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பலம் ஒன்றும் அதிகமில்லை, மெதுவாகத்தான் திரும்பியது, ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை.

டிராயரிலிருந்து சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டேன். போட்டுக்குங்க, ரெண்டு கையும் போட்டுக்குங்க என்றேன். சட்டை அப்படியே தொங்கியது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. திட்டட்டும். ஏன்டி இப்படிப் பண்ணினே என்று கேட்கட்டும்.

எழுந்து போய், கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில், அவருக்கு நேர் எதிரே நின்றேன்.

நாற்காலி கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. நான் மறைக்கிறேன் என்று.